கர்னல் வின்ஸ்டெட்டின் கையெழுத்து

ஆமோஸ் பெட்டிங்கிலின் பெயர் ஊர்த்திடல் நினைவுக்கல்லில் இல்லை. அமெரிக்கச் சுதந்திரப் போருக்கு அந்த மலையூரிலிருந்து போன முப்பத்தொரு பேரின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் நான்கு குவிம்பி வீட்டுப் பெயர்கள். ஆமோஸ் பனிக்காலப் பட்டினி தாங்காமல் முகாமை விட்டு ஓடிவந்தவன் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தவர்களும் அந்தக் குவிம்பிகள்தான்.

ஆமோஸின் வழியில் மிஞ்சியிருந்தவர் அசாகெல் ஒருவரே. எண்பத்திரண்டு வயது, பிள்ளைகள் இல்லை. அந்தப் பழிச்சொல்லைத் துடைத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று இருந்தார். அவரிடம் சான்றும் இருந்தது. ஆமோஸ் முழுக்காலமும் பணியாற்றி முறையாக விடைபெற்றார் என்ற விடுவிப்புச் சீட்டு. அடியில் அவருடைய படைத்தலைவர் கர்னல் வின்ஸ்டெட்டின் கையெழுத்து. இந்த வசந்தத்தில் ஊர்க்குழு ஒருவழியாக இறங்கி வந்தது. சீட்டு அசல்தான் என்று விவரம் தெரிந்தவர் எழுதிக் கொடுத்தால், மே மாதக் கடைசியில் போர்வீரர் நினைவு நாளுக்குள் பெயரைச் செதுக்கிவிடலாம்.

விவரம் தெரிந்தவர் என்றால் அந்தப் பக்கத்தில் ஓரின் டட்டில்தான். பழைய படைக் காகிதங்களை வாங்கி விற்பவர். அசாகெல் நாற்பது ஆண்டுகளாக அவரிடம்தான் கர்னலின் படைப்பிரிவு ஆணைகளையும் வருகைப் பட்டியல்களையும் வாங்கிச் சேர்த்தார். அவற்றுள் பதினேழில் கர்னலின் கையெழுத்து இருந்தது. ஆனால் வீட்டுச் சீட்டை அவருக்கு ஒருநாளும் காட்டியதில்லை. குடும்பத்துப் பொருள் வியாபாரியின் கைக்குப் போவதில்லை என்பது அந்த வீட்டின் கட்டுப்பாடு.

சனிக்கிழமை மதியம் ஓரின் வந்தார். அடுப்பில் பீன்ஸ் பானை வெந்துகொண்டிருந்தது.

"நாப்பது வருஷமா என் பெட்டியெல்லாம் கிளறினே. இன்னைக்குத்தான் உன் பெட்டி தொறக்குது. கல்யாணத்துக்குத் தச்ச கோட்டைப் போட்டுட்டு வந்திருக்கணும்யா."

அசாகெல் சிரிக்கவில்லை. சீட்டை மேசைமேல் விரித்தார்.

ஓரின் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். அதற்குப் பிறகு கேலி வரவில்லை. அந்தப் பதினேழையும் கொண்டுவரச் சொல்லிப் பக்கத்தில் பரப்பினார். பதினேழிலும் கர்னலின் எழுத்து வலப்பக்கம் சாய்ந்து, குதிரைமேல் இருந்தபடி போட்டதுபோல ஓடியது. சீட்டில் அதே பெயர் நிமிர்ந்து நின்றது. ஒவ்வொரு எழுத்தும் ஒரே அழுத்தம்.

"அசாகெல், இந்த மையை யாரு போட்டது?"

அசாகெல் பெருமையோடுதான் சொன்னார். ஆமோஸின் பேரன் தொடங்கி வைத்த வழக்கம் அது. ஆண்டுதோறும் சுதந்திர நாளான ஜூலை நான்காம் தேதி குடும்பத்தலைவர் கைகழுவி, கறுப்புக் கோட்டு அணிந்து, கர்னலின் பெயர் மங்கிவிடாதபடி அதன்மேல் பேனாவை ஓட்டுவார். இருபத்துமூன்று வயதிலிருந்து அவரும் செய்கிறார். மனைவி இறந்த ஆண்டுகூட விட்டதில்லை.

ஓரின் கண்ணாடியைக் கீழே வைத்தார். "ஒரே ஒரு எழுத்துல மை ஏத்தியிருக்குன்னு எங்கிட்டயே ஒரு காகிதத்தைத் திருப்பி அனுப்பினவன் நீ."

"அது விக்கிறதுக்காகப் பண்ணினது. இது மரியாதை."

"காகிதத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாதுய்யா."

திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, மறைந்த மையைக் காட்டும் ஊதா விளக்கை ஓரின் பிடித்தார். கையெழுத்து இருந்த இடம் தார் பூசியதுபோல் கறுத்துத் தெரிந்தது. மறுபடி மறுபடி பிடித்துப் பார்த்தார்.

"அடியில கர்னல் இருந்திருக்கலாம். வேற எவனாவது எழுதியிருக்கலாம். வெறும் காகிதமாவும் இருந்திருக்கலாம். இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

வெறும் காகிதம். அந்தச் சொல் அசாகெலுக்குள் இறங்கியது. முதன்முதலில் பேனாவை எடுத்த அந்தப் பேரன் மங்கிய எழுத்தின்மேல் ஓட்டினானா, எழுத்தே இல்லாத இடத்தில் ஓட்டினானா? எண்பத்திரண்டு ஆண்டுகளில் ஒரு குவிம்பியாலும் அவர் மனதில் போட முடியாத சந்தேகம் அது.

ஓரின் விளக்கை அணைத்தார். "நான் அசல்னே எழுதிக் குடுத்துடறேன். இந்த ஊர்ல யாரு பாத்துச் சொல்லப் போறா? குவிம்பிக்குத் தன் மாட்டையே அடையாளம் தெரியாது."

"பொய்மேல நிக்கிற பேரு எங்களுக்கு வேண்டாம். நீ கிளம்பு."

சாப்பிட்டுப் போகச் சொல்லவில்லை. வாசல்வரை போய் வழியனுப்பினார்; முதுகு வளையவில்லை.

திரும்பி வந்து ஊர்க்குழுவுக்கு மூன்று வரி எழுதினார். ஆமோஸ் பெட்டிங்கிலின் பெயருக்கான விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன். காரணம் எழுதவில்லை. எழுதாத காரணத்தைக் குவிம்பிகள் தங்களுக்கு ஏற்றபடி படித்துக்கொள்வார்கள், அவன் வீட்டாரே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று. ஆமோஸ் ஓடினாரா நின்றாரா, அசாகெலுக்கே தெரியாமல் போனபின் யாரிடம் போய் மறுப்பது?

கடைசியில் கையெழுத்திட்டார். மை உலரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துகள் நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரே அழுத்தம். கடிதத்தை நகர்த்திச் சீட்டின் பக்கத்தில் வைத்தார். பெயர் வேறு. கை ஒன்று.

அடுப்பிலிருந்து பீன்ஸ் கரியும் வாடை வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.