எண் போடாத மண்டபம்

இலுப்பைமேட்டு மண்டபம் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது மொத்தம் நாற்பத்தொரு நாள், ஆறு மணி நேரம். 1979ஆம் வருடம், ஆனியிலும் ஆடியிலுமாக. எந்திரம் சுற்றிலும் மண்ணை வாரி, அடியிலும் வாரிவிட்டுப் போன பிறகு, பதினாறு கல்தூண்களும் கூரையும் பழைய தரைமட்டத்திலேயே நின்றன. எண்பதடி ஆழத்தில் வேலை செய்தவர்கள் முதல் இரண்டு நாள் அண்ணாந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் அதன் நிழல் விழுகிற இடத்தில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார்கள். சுரங்கத்துக்குள் வேறு நிழல் கிடையாது. சாப்பிட்டு எழுந்ததும் மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள்.

காரணம் சுரங்க ஆபீஸின் நிலப்பிரிவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுரங்கத்துக்காக எடுக்கப்போகும் ஊரில் வீடு, கிணறு, மரம், மாட்டுக்கொட்டகை எல்லாவற்றுக்கும் தாரில் எண் போடுவார்கள். எண் போட்டது போகும். மண்டபத்தில் எண் இல்லை. அதனால் அது போகவில்லை. இலுப்பைமேட்டுக்கு எண் போடப் போனவர்கள் இரண்டு பேர்: சர்வேயர் கலியமூர்த்தி, அவருக்குக் கீழே தற்காலிக வேலையில் இருந்த பி.எஸ்ஸி. படித்த தமயந்தி. தமயந்தி ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேச மாட்டாள். அவளுக்குப் பர்மனென்ட் உத்தரவு வர இன்னும் ஒரு மாதம் இருந்தது.

நாற்பத்திரண்டாம் நாள் காலை, புதுக்காலனிக்குக் குடிபோயிருந்த ஊர்க்காரர்கள் தேர்வடத்தோடு சுரங்கத்தின் விளிம்பில் வந்து நின்றார்கள். மிதக்கிறதை இழுத்துக்கொண்டு போவது சுலபம் என்று அவர்கள் நினைத்தார்கள். அவர்களில் வீராயி என்பவள் ஒரு பலாப்பழத்தைக் கலியமூர்த்தியின் காலடியில் வைத்தாள்.

"நீங்க நல்லா இருக்கணுங்க. பாரதக் கூத்து வைக்க எங்களுக்கு அது ஒண்ணுதாங்க இருக்குது."

"பழத்த எடுத்துக்கினு போம்மா. மண்டபம் ஊடு வந்து சேரட்டும், பொறவு சொளையா உரிச்சுக் குடு."

அதிகாரி பரமசிவம் தார் டப்பாவோடு வந்தார். விளிம்பிலிருந்து மண்டபத்துக்கு நீள ஏணியைப் பாலமாகப் போடச் சொன்னார். பிறகு விதியை வாசித்தார். எண் போட மறந்திருந்தால் இப்போது போட்டுக்கொள்ளலாம். போட்டவர் தெரிந்தே விட்டிருந்தால் அது காக்கவேண்டிய பொருள், யாரும் இடிக்கக் கூடாது; ஊரார் எடுத்துக்கொண்டு போகலாம். விட்டவர்தான் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"யாருய்யா விட்டது?"

"நான்தான் சார். மறந்துட்டேன். வயசாச்சுல்ல," என்றார் கலியமூர்த்தி.

அந்தப் பெண் மறந்துவிட்டாள் என்றே அவர் இத்தனை நாளும் நம்பியிருந்தார். பக்கத்தில் நின்ற தமயந்திக்குக் கண் கலங்கியது. தனக்காக ஒருவர் பழியை வாங்கிக்கொண்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை. அந்த நல்ல மனசு மண்டபத்தைக் கீழே தள்ளிவிடும் என்பதும் தெரிந்தது.

பரமசிவம் டப்பாவைத் திறந்து பிரஷை அவளிடம் நீட்டினார். "போம்மா, போட்டுட்டு வா. நானூத்திப் பன்னண்டு."

ஊர்க்காரர்கள் வடம்பிடித்து இழுத்துவந்த மண்டபம் இப்போது புதுக்காலனியில், தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது. வருடா வருடம் கூத்து நடக்கிறது. பெருக்குகிறவர்கள் அடியிலும் பெருக்குகிறார்கள். தமயந்திக்குப் பர்மனென்ட் இரண்டு வருடம் தள்ளி வந்தது. அன்று அவள் பிரஷை வாங்கவில்லை.

"அவர் மறக்கலை சார். நானும் மறக்கலை. தார் என் கையிலதான் இருந்துச்சு. வேணும்னுதான் போடாம வந்தேன்."