பெட்டிக்குள் அடங்காத குழாய்

காக்கநாட்டில் எங்கள் ஆபீசில் யாரும் செங்கல்லைத் தொட்டதில்லை. கட்டடத்தைக் கணினியிலேயே, குழாய் கம்பி உட்பட, முழுதாகக் கட்டிவிடுவோம். எது எதில் இடிக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. சொன்னால் யாருக்கும் பிடிக்காது.

அன்று திருச்சூரில் கட்டப்போகும் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அறை. அறையைச் சுற்றி ஒரு பெட்டி வரைந்தால், அந்த இடத்தில் இருப்பதை மட்டும் மென்பொருள் பிரித்துக் கொடுக்கும். பெட்டிக்குள் முழுசாக அடங்குவதை மட்டும் எடுக்கலாம். பெட்டியைத் தொட்டுக்கொண்டு போவதையும் சேர்த்து எடுக்கலாம். நான் சேர்த்துத்தான் எடுத்தேன். இடிக்கும் இடமெல்லாம் திரையில் சிவந்தது. கழிவுநீர்க் குழாய் நேராக உத்தரத்தைத் துளைத்துக்கொண்டு போனது.

எங்கள் தலைவர் சாஜு சார் பின்னால் வந்து நின்றார். மாலைக்குள் அறிக்கை போயாக வேண்டும்.

"ஜிஷா, முழுசா உள்ள இருக்கறதை மட்டும் எடு."

எடுத்தேன். விளக்கு, சுவிட்ச், கை கழுவும் தொட்டி. சிவப்புப் பொட்டு கூட இல்லை. அவ்வளவு நீளக் குழாய் எந்த அறைக்குள் முழுசாக அடங்கும்? உத்தரமும் அப்படித்தான்.

"பாத்தியா, சுத்தமா இருக்கு. அனுப்பிடு மோளே."

"குழாய் எங்க சார்? லீவுல போயிருக்கா?"

பக்கத்து மேஜை அனீஷ் சேட்டன் சிரிப்பை டீ கிளாசுக்குள் மறைத்தார்.

"அதை அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம். வாயாடாத."

"அதுக்குள்ள கான்கிரீட் போட்டுடுவாங்க. அப்புறம் உத்தரத்தைக் குடைவாங்க. அறிக்கையில சரிபார்த்தவர்னு என் பேர் நிக்கும். நான் போட மாட்டேன்."

"உன் பேர் இல்லாட்டி உலகம் நின்னுடுமா? வேற பேர் போட்டா போகுது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் பெயரை அழித்துவிட்டு அந்த இடத்தில் 'சாஜு வர்கீஸ்' என்று அடித்தேன். எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.

"போட்டாச்சு சார். பட்டனை மட்டும் நீங்க அமுக்குங்க."

உட்கார்ந்தார். மவுஸைப் பிடித்தார். தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போனால் போகட்டும் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

"முதல்ல என் பேரை அழி" என்றார் கடைசியில்.

அழித்தேன். தொட்டுக்கொண்டு போவதையும் சேர்த்து எடுத்தேன். திரை மறுபடி சிவந்தது. அப்புறம்தான் அதன் கீழே என் பெயரை அடித்து, பட்டனை நானே அமுக்கினேன்.