தம்பியின் சிறுநீரகங்கள் கோபித்துக்கொண்டு வந்தபோது

எங்கள் ஊரில் சிறுநீரகங்கள் கோபித்துக்கொண்டால் பிறந்த வீட்டுக்கு வந்துவிடும். பெண்கள் வருவது மாதிரிதான். என்ன, பெண்கள் பையில் நாலு சேலையை அடைத்துக்கொண்டு வருவார்கள். இவை வெறுங்கையோடு வரும்.

என் தம்பி பூமிநாதனுடைய இரண்டும் ஒரு வியாழக்கிழமை காலையில் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கின. நான் கிரைண்டரில் உளுந்து போட்டிருந்தேன். இட்லி மாவு அரைத்து விற்பது என் தொழில். அப்பா அம்மா போன பிறகு பழைய வீட்டில் நான்தான் இருக்கிறேன் என்பதால், தம்பிக்கும் அவன் உடம்பில் உள்ள எல்லாவற்றுக்கும் பிறந்த வீடு என் வீடுதான். கிரைண்டரை நிறுத்திவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுபோய் வைத்தேன். இரண்டும் குடித்த வேகத்தைப் பார்த்ததுமே எனக்கு வயிறு எரிந்தது.

"தண்ணி குடுக்கலையா அவன்?"

வலது, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. இடதுதான் பேசியது.

"போட்டிக்கு முன்னாடி தண்ணிய நிப்பாட்டணுமாம்க்கா. அப்பத்தான் தோலு ஒட்டி சதை தெரியுமாம். சோறும் கெடையாது. அந்தப் பவுடரத்தான் கெட்டியாக் கரைச்சுக் கரைச்சுக் குடிக்கிறாரு. வடிகட்டி வடிகட்டி எங்களுக்கு முடியல. அவரு நல்லவருதான். அந்த மாஸ்டர் பேச்சக் கேட்டுத்தான் இப்படி ஆடுறாரு."

அடித்தவனுக்கும் வக்காலத்து வாங்குகிற இந்தப் புத்தி எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை. எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

பூமிநாதன் செருப்புக் கடையில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை மாவட்ட ஆணழகன் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தான். ரெக்ஸ் மாஸ்டர் என்று ஒருவர் ஜிம் நடத்துகிறார்; அவர்தான் அவனுக்குப் பவுடர் கொடுத்தார். டப்பாவில் பேரும் கிடையாது, ஊரும் கிடையாது, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரியும் கிடையாது. மாஸ்டர் சாக்கிலிருந்து அள்ளி நிரப்பி மூடியை அழுத்திக் கொடுப்பார். ஒரே ஒரு நல்ல காரியமாக, உள்ளே ஓர் அளவுக் கரண்டியைப் போட்டிருந்தார். அது அடியில் புதைந்து கிடந்தது. என் தம்பி அதைத் தேடவில்லை. வீட்டில் அரிசி அளக்கிற உழக்கை எடுத்தான். தலை தட்டாமல் கோபுரமாக அள்ளினான். எழுந்ததும் ஓர் உழக்கு, எடை தூக்கும் முன் ஓர் உழக்கு, தூக்கிய பின் ஓர் உழக்கு, படுக்கப்போகும்போது இன்னோர் உழக்கு. எங்கள் குடும்பத்தில் உழக்குக்குக் குறைந்து எதையும் அள்ள யாருக்கும் கை வராது.

நான் பவுடருக்கு விரோதி இல்லை. எடை தூக்குகிறவனுக்குப் புரதம் வேண்டும்தான். முட்டை, பயறு, கடலை, மீன் எல்லாம் தின்றது போக, பற்றாத அளவுக்கு ஒரு கரண்டி கலக்கிக் குடித்துவிட்டு, நாள் முழுக்கத் தண்ணீரும் குடித்தால் எந்தச் சிறுநீரகமும் ஆட்டோ ஏறாது. எதிர் வீட்டு ஸ்டான்லி அப்படித்தான் குடிக்கிறான். முதலில் டாக்டரிடம் போய் ரத்தம் பார்த்துவிட்டு, பேர் போட்ட டப்பாவாக வாங்கினான். அவனுடையவை இன்றுவரை வாசற்படி தாண்டியதில்லை.

தம்பிக்குப் போன் போட்டேன்.

"டேய், ஒன்னோடது ரெண்டும் இங்க வந்து உக்காந்திருக்கு. வந்து கூட்டிட்டுப் போடா."

"ஞாயித்துக்கெழம முடியட்டும்க்கா. இப்பத்தான் ஒடம்பு லேசா இருக்கு."

போனை வைத்துவிட்டான். உளுந்து பொங்கி வழிகிற வரைக்கும் அவனைத் திட்டிக்கொண்டே அரைத்தேன்.

கோபித்து வந்தவற்றை நாமாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது எங்கள் ஊர் முறை. யாரை விட்டுவிட்டு வந்தனவோ அந்த ஆளே தாம்பாளத்தோடு வந்து, எதிரில் நின்று, வாய் திறந்து கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிடாமல் கொண்டுபோய் உள்ளே வைத்தால், உள்ளே உட்கார்ந்திருக்குமே தவிர வேலை செய்யாது. அவை இல்லாமல் ஓர் ஆள் சில நாள் நடமாடலாம். பிறகு உடம்பு நீர் கட்டி ஊதும், பிறகு அது நெஞ்சுக்கு ஏறும். எங்கள் தெருவில் அப்படிப் போனவர்கள் உண்டு. வறட்டு கௌரவத்தால் தாம்பாளம் எடுக்காதவர்கள்.

சனிக்கிழமை தாம்பாளம் வந்தது. தூக்கிக்கொண்டு வந்தது ரெக்ஸ் மாஸ்டர். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நடுவில் ரிப்பன் கட்டிய புது டப்பா ஒன்று, அதே பவுடர்.

"வினோதா ரொம்ப அழுகுது, அதான் வந்தேன்" என்றார். வினோதா என் தம்பி மனைவி. "எனக்கென்னமோ அவசரமில்லன்னு படுதுக்கா. அது ரெண்டும் இல்லாம இடுப்பு நல்லா ஒடுங்கியிருக்கு. ஸ்டேஜ்ல அள்ளிரும்."

டப்பாவைப் பார்த்ததும் இடது கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. வலது இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அடிபட்டு வந்தவளுக்கு அடித்த கட்டையையே சீராகக் கொண்டுவந்து வைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? தாம்பாளத்தை எடுத்துத் தெருவில் வீசினேன்.

"எடத்தக் காலி பண்ணுய்யா. இன்னொரு தடவ இந்த வாசல்ல ஒன்னப் பாத்தேன், கிரைண்டர்ல போட்டு அரைச்சுருவேன்."

அவர் டப்பாவை மட்டும் பொறுக்கித் தூசி தட்டி எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் வினோதா பேசினாள். "மதினி, அவருக்குக் கால்ல செருப்பு ஏற மாட்டேங்குது. மொகமெல்லாம் ஊதிக் கெடக்கு. ஜிம்முல எல்லாரும் சைஸ் ஏறிருச்சு, சைஸ் ஏறிருச்சுன்னு கைதட்டுறாங்க. அவரும் கண்ணாடி முன்னாடி நின்னு சிரிக்கிறாரு. எனக்குப் பயமா இருக்கு மதினி."

எனக்கும் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வரும்.

போட்டி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். முறைப்படி நான் சிறுநீரகங்களை அழைத்துப் போகக் கூடாது. அதனால் அழைத்துப் போகவில்லை. அந்த மண்டபத்துச் சமையலறைக்கு மாவு கொடுக்கப் போகிறேன், வருகிறவர்கள் வரலாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, தண்ணீர் நிரப்பிய தூக்குவாளி ஒன்றைத் திறந்து வைத்தேன். இரண்டும் ஏறிக்கொண்டன.

மேடையில் பூமிநாதன் எண்ணெய் பூசிக்கொண்டு, சின்ன ஜட்டியோடு, இரண்டு கையையும் மடக்கி நின்றான். உடம்பு பளபளவென்று ஊதியிருந்தது. கண் இரண்டும் கோடாகிவிட்டன. ஜனங்கள் விசிலடித்தார்கள். ஒரு மனுஷன் செத்துக்கொண்டிருப்பதற்கு இத்தனை விசிலா என்று நினைத்துக்கொண்டே மேடையில் ஏறினேன். வாளியை அவன் காலடியில் வைத்தேன்.

"கூப்பிடுறா."

"போஸ் குடுத்துக்கிட்டு இருக்கேன்க்கா" என்றான், சிரிப்பைக் கலைக்காமல்.

ஓங்கி ஓர் அறை விட்டேன். புஜத்தில் விழுந்தது. ஐந்து விரலும் உள்ளே இறங்கின. கையை எடுத்த பிறகும் ஐந்து குழியும் அப்படியே நின்றன.

நடுவர்கள் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். சதையில் இப்படி ஐந்து கட்டு விழுந்து இந்த மாவட்டத்திலேயே பார்த்ததில்லை என்று ஒருவர் சொன்னார். முதல் பரிசு பூமிநாதனுக்கு என்று அங்கேயே அறிவித்து, கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அவன் கோப்பையைப் பார்க்கவில்லை, குழிகளைப் பார்த்தான். அவை நிரம்பும் என்று காத்திருந்தான். பிறகு தன் விரலால் தொடையில் ஓர் இடத்தை அமுக்கினான். அங்கேயும் குழி விழுந்தது.

"அக்கா, இது சதை இல்லையா?"

"தண்ணிடா, மடையா. இதுகள வெரட்டி விட்டுட்டேல்ல, வெளியேத்த ஆளில்லாத தண்ணி."

அவன் அந்த மேடையிலேயே வாளிக்கு முன்னால் குத்துக்காலிட்டான். தாம்பாளம் இல்லை. நடுவர் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கோப்பையில் ஊற்றி வாளிப் பக்கத்தில் வைத்தான். "வாங்க, வீட்டுக்குப் போவோம். தப்பு எம்மேலதான்" என்றான். மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

அதுவரை ஒரு வார்த்தை பேசாத வலது அப்போது இடதைப் பார்த்துப் பேசியது.

"மொதல்ல அந்த உழக்க அக்கா வீட்டுல கொண்டாந்து போடச் சொல்லு."

அவன் சம்மதித்தான். இரண்டும் அவனோடு சேர்ந்துகொண்டன. நான் அவனை ஜட்டியோடேயே ஆட்டோவில் தள்ளிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் பார்த்துவிட்டு, பிழைத்துக்கொள்வான், ஆனால் அவை பழையபடி மனம்விட்டு வேலை செய்ய மாதக்கணக்காகும், அதுவரை டப்பா பக்கமே போகக் கூடாது என்றார். வார்டில் கிடந்தபடி அவன் வடிந்தான். வடிய வடிய, உள்ளே இருந்து என் தம்பி வெளியே வந்தான். ஒல்லியாகத்தான் இருந்தான். நான் அவனைத் திட்டி முடிக்கவே இல்லை, திட்டிக்கொண்டே அழுதேன்.

ஆனால் ஊருக்கு ஞாபகம் இருப்பது அந்த ஐந்து குழிதான். அவன் வீடு திரும்பிய மறுநாள் காலையில் கடையைத் திறந்தால், ஜிம் பையன்கள் பனியனோடு வரிசையில் நிற்கிறார்கள்.

"அக்கா, எங்களுக்கும் ஒண்ணு விடுங்கக்கா. அதே அஞ்சு கட்டு."

விரட்டினேன், போகவில்லை. சரியென்று அறைய ஆரம்பித்தேன். இப்போது தினமும் மாவு வாங்குகிறவர்கள் ஒரு வரிசை, அறை வாங்குகிறவர்கள் ஒரு வரிசை. இரண்டாவதுதான் நீளம். அறைந்ததும் சதை எழும்பினால், முட்டையும் பயறும் தின்னு, தண்ணியக் குடி என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறேன். குழி நின்றால் அப்படியே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன். எத்தனை பேரை அறைந்தும் என் கோபம் குறைந்தபாடில்லை.

நேற்று ரெக்ஸ் மாஸ்டரும் வரிசையில் நின்றார். முறை வந்ததும் சட்டைக் கையைச் சுருட்டிப் புஜத்தை நீட்டினார். இருந்த கோபத்தை எல்லாம் திரட்டி ஓங்கி விட்டேன். விரல்கள் உள்ளே போயின. மணிக்கட்டு போனது. முழங்கை வரைக்கும் போனது. உள்ளே எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றும் தட்டுப்படவில்லை.

"ஆழமா விழுந்திருக்காக்கா?" என்று ஆசையாகக் கேட்டார்.

கையை உருவி முந்தானையில் துடைத்துக்கொண்டு, அடுத்த ஆளை வரச் சொன்னேன்.