ரேவாஸுக்காக ஒரு கோப்பை

அக்டோபரில் திராட்சை அறுப்புக்கு ககேத்திக் கிராமங்கள் பக்கம் போகாத திபிலீசி நகரத்துக்காரன் உண்டா? எங்கள் வேதியியல் துறையும் வருஷா வருஷம் ஒரு நாள் போகும். இந்தத் தடவை எங்களோடு பாடம் நடத்தும் கோச்சாவின் வீடு. காலையில் எல்லோரும் திராட்சைக் குலை அறுத்தோம். மதியம் வாதுமை மரத்தடியில் விருந்து. முந்தின ராத்திரி பெய்த மழைக்குப் பிறகு மலை மேகத்துக்குள் போய்விட்டிருந்தது. ஒரு இலைகூட அசையவில்லை. இறைச்சி சுட்ட புகை மேலே போகாமல் எங்கள் காலைச் சுற்றியே நின்றது. எனக்கு அது பிடிக்கவில்லை.

விருந்துத் தலைவர் வேறு யார், துறைத் தலைவர் வக்தாங்தான். விருந்துத் தலைவர் கோப்பையைத் தூக்கிப் பேச ஆரம்பித்துவிட்டால் முடிக்கும்வரை எங்கள் நாட்டில் யாரும் எழுந்திருக்கக் கூடாது. இவரோ வகுப்பிலேயே மணிச் சத்தத்தைக் காதில் வாங்காத மனிதர்.

வைன் ஜாடி காலியானது. ரேவாஸ் எழுந்தான். பல வருஷமாக என் எதிர் மேசைக்காரன். அந்த வாரம்தான் பதவி உயர்வு வந்திருந்தது. "நானே நிலவறைக்குப் போய் மொண்டுட்டு வரேன்."

கோச்சாவின் அம்மா நாதேலா அடுப்படியிலிருந்து கத்தினாள். "தம்பி, உள்ள புது திராட்சை ரசம் புளிச்சுப் பொங்கிட்டிருக்கு. மழைன்னு ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கோம். கதவைத் திறந்து போட்டு, கொஞ்சம் பொறுத்து இறங்குப்பா!"

"கரியமில வாயுவைப் பத்தி எனக்கேவாம்மா? போன வாரம்தான் அதுல பரீட்சை வச்சேன்!"

எல்லோரும் சிரித்தோம். ரசம் பொங்கினால் அந்த வாயு கிளம்பும், கனமானது, நிலவறையில் அடியில் தேங்கி மூச்சை அடைக்கும். எங்களுக்குத் தெரியாததா? தெரிந்து என்ன, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

அவன் தலை மறைந்ததும் வக்தாங் கோப்பையைத் தூக்கினார்.

"ரேவாஸுக்காக! நேர்ல புகழ்ந்தா கூச்சப்படுவான், வரதுக்குள்ள சொல்லிடறேன்."

அவன் பிறந்த ஊர், முதல் நாள் அமிலத்தில் சட்டையைப் பொசுக்கிக்கொண்டது, அவனுடைய இரண்டு பெண் குழந்தைகள், யாரையும் கடிந்து பேசாத குணம். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒருவனைப் பற்றி இப்படி அடுக்கிக்கொண்டே போவதை நான் சாவு வீட்டில்தான் கேட்டிருக்கிறேன். நிலவறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜாடி மொள்ள இவ்வளவு நேரமா?

எழுந்தேன்.

"மரேகி, உக்காரும்மா. இன்னும் முடிக்கல."

"ரேவாஸ் வரல சார்."

"ருசி பார்க்கிறான் போல!" என்றார் யாரோ. சிரிப்பு.

"உக்காருங்க மரேகி, மரியாதை இல்ல" என்று கோச்சா என் கையைப் பிடித்தான். உதறிவிட்டு ஓடினேன். நாற்காலி பின்னால் விழுந்தது.

கதவு ஒருக்களித்திருந்தது. படிகளுக்குக் கீழே அவன் செருப்பின் அடிப்பாகம் தெரிந்தது. "ரேவாஸ்!" அசைவில்லை. பின்னால் வந்த கோச்சா அப்படியே பாய்ந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்க! அவன் கீழ கிடக்கிறான்!"

"நீயும் போய்க் கிடக்கணுமா? முதல்ல ஜன்னலை உடைடா!"

ஜன்னல்களை உடைத்தார்கள். இடுப்பில் கயிறு கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கோச்சா இறங்கினான். இருவரையும் சேர்த்து இழுத்தோம். கோச்சா இருமினான். ரேவாஸ் இருமவில்லை.

ஈரப் புல்லில் கிடத்தி, வாயில் ஊதி ஊதி அவன் நெஞ்சை அழுத்தினேன். தலைநிமிர்ந்தபோது வக்தாங் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் அதே கோப்பை, மறு கையில் ஒரு துண்டு ரொட்டி. செத்தவர்களை நினைத்துக் குடிக்கும்போது நாங்கள் ரொட்டியில் வைன் சொட்டு விடுவோம். கோப்பை சாய ஆரம்பித்தது.

"விடாதீங்க!" என்று அலறினேன். "அவன் இன்னும் சாகல! ஒரு சொட்டு விட்டீங்கன்னா உங்களைச் சும்மா விடமாட்டேன்!"

என் மாணவப் பருவத்திலிருந்து யாரும் அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கோப்பை நிமிர்ந்தது.

பக்கத்து ஊர் தெலாவியிலிருந்து ஆம்புலன்ஸ் வந்தது. நானும் கோச்சாவும் மாறி மாறி அழுத்திக்கொண்டிருந்தோம். டாக்டர் முட்டி போட்டுப் பார்த்தார். பிறகு ரேவாஸின் நெஞ்சிலிருந்து என் கைகளை மெதுவாக எடுத்துவிட்டார்.

வக்தாங் என் பக்கத்தில் வந்து குனிந்தார். கோப்பையும் ரொட்டியும் இன்னும் அவர் கையில் இருந்தன.

"மரேகி, இப்ப விடலாமாம்மா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார்.