நஸ்மியா சொன்ன பதில்

டொக்டர் பிரவீனா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். நஸ்மியா அதற்குப் பொய் சொன்னாள்.

அவளுடைய ஆறு வயது மகன் இப்திகாருக்கு நான்கு நாட்களாகக் காய்ச்சல். வார்டு முழுக்க டெங்கு, இவனுக்கும் அதுவாகத்தான் இருக்கும் என்று சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் பிள்ளையின் கழுத்து குனிய மறுத்தது டொக்டருக்குச் சரியாகப் படவில்லை. தடுப்பூசி அட்டையைப் புரட்டினார். கொரோனா முடக்கத்தில் மூளைக் காய்ச்சல் ஊசி விடுபட்டிருந்தது.

"வீட்டுக்குக் கிட்ட பன்றிப் பட்டி இருக்காம்மா?"

பகல் பார்வையாளர் நேரம். அவர்களுடைய ஊரான பலாபத்வலயிலிருந்து வந்த பள்ளிவாசல் ஆட்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நஸ்மியாவின் கணவன் அன்ஸாப் பள்ளிவாசல் நிர்வாக சபையில் இருப்பவன். அவன் குத்தகைக்கு விட்ட வயல்கோடியில், மிளகுத் தோட்டத்துக்குப் பின்னால், சுந்தரலிங்கம் பன்றி வளர்ப்பது வீட்டுக்குள் மட்டும் தெரிந்த சங்கதி. அன்ஸாப் தரையைப் பார்த்தான்.

"நாங்க முஸ்லிம் ஆக்கள், டொக்டர்," என்றாள் நஸ்மியா. டொக்டரும் மேலே கேட்கவில்லை. பிள்ளையின் உயிரைவிட மானமா பெரிது என்று யாரும் கேட்கலாம். நாலு பேர் முன்னால் அவளுக்கு அப்போது அதுதான் பெரிதாக இருந்தது.

பிற்பகல் அஸர் தொழுகை நேரத்துக்குப் பிறகு இப்திகாரின் வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே செருகியது. தாதி ஓடிவந்தாள். மாலைப் பார்வையாளர் நேரம் என்பதால் பகல் வந்தவர்களே மறுபடி கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"இருக்கு டொக்டர்," என்று நஸ்மியா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "எங்கட வயல்லதான் பன்றிப் பட்டி இருக்கு. மகன் பொழுதுபடும் வரைக்கும் அங்கதான் விளையாடுவான்."

சேலைனைக் குறைத்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். பன்றியின் இரத்தம் குடித்த நுளம்பு கடித்துக் கொண்டுவரும் அந்தக் கிருமி நரம்புக் கலத்தின், அதாவது உயிரணுவின், மேல் ஒட்டிக்கொள்ளும், கலமோ ஏமாந்துபோய் அதைத் தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று டொக்டர் விளக்கினார்.

"உள்ள போன பிறகு அதைக் கொல்ல மருந்து இல்லம்மா. மூளை வீங்காமப் பார்க்கலாம், அவ்வளவுதான். பகல்லயே சொல்லியிருந்தா சேலைனை அப்பவே குறைச்சிருப்பன்..."

ஒன்பதாம் நாள் இப்திகார் கண் விழித்து, தாயைப் பார்த்து "உம்மா" என்றான். நஸ்மியா அழுது தீர்த்தாள். பள்ளிவாசலில் யார் என்ன பேசினார்கள் என்று அவளும் விசாரிக்கவில்லை, அன்ஸாபும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று பசிக்கிறது என்றான் பிள்ளை. பாயில் உட்காரவைத்துச் சோறு வைத்தாள். வலது கை அசையாமல் மடியில் கிடந்தது. அவன் இடது கையால் சோற்றை அள்ளினான். அந்த வீட்டில் இடது கையால் யாரும் சாப்பிட்டதில்லை. அன்ஸாப் திருத்துவதற்கு வாயெடுத்தான், பிறகு எழுந்து வெளியே போனான். நஸ்மியா குழம்பை இடப்பக்கமாக நகர்த்தி வைத்தாள்.