கல்லல் கண்மாய்ப் பட்டை

மூன்று தட்டிலும் வளையம் இல்லை. செந்தாமரை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

பல்லைச் சொத்தையாக்கும் கிருமியை வளர்த்த தட்டுகள் அவை. நடுவில் கருவேலம்பட்டைச் சாற்றில் நனைத்த காகித வில்லை. போன வாரம் அவளே வைத்த வில்லையைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குக் கிருமி செத்துத் தெளிந்திருந்தது. அந்த வட்டத்தை நம்பித்தான் காரைக்குடிக் கல்லூரியில் அவளுடைய ஆய்வே நின்றது. பத்து நாளில் ஆய்வு மதிப்பீட்டுக் குழுவின் முன் காட்ட வேண்டும்.

பழைய சாறு தீர்ந்து, இது புதிது. பட்டை கொண்டுவந்ததும் வில்லை தயார் செய்ததும் ஆய்வக உதவியாளர் வீரையா. சந்தேகப்பட அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. கல்லல் வரை போகச் சோம்பல்பட்டு, கல்லூரி வேலியோரச் சீமைக்கருவேலத்தைச் சீவிக் கொடுத்திருப்பார் மனுசன்!

"அண்ணே, இதை எங்குட்டு வெட்டுனீக? உண்மையைச் சொல்லுங்க."

"கல்லல் கம்மாய்க்கரையிலதான் மேடம். என்ன இப்பிடிக் கேக்குறீக?"

நாலு மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் சுண்டிப்போனது. செந்தாமரை அதோடு விடவில்லை, துறைத்தலைவரிடமும் சொன்னாள். மறுநாளே வீரையாவை நூலகத்துக்குத் தூசி தட்ட அனுப்பிவிட்டார்கள்.

அவளே பஸ் ஏறிக் கல்லல் போய்ப் பட்டை வெட்டி வந்தாள். ஸ்பிரிட்டில் ஊறவைத்துச் சாறெடுத்து, வில்லையை நனைத்து, அவசரமாகத் தட்டில் வைத்தாள். மறுநாள் வட்டம் விழுந்திருந்தது. 'அகப்பட்டாரா!' என்று துள்ளினாள்.

மேஜையைத் துடைக்கும்போது வீரையாவின் குறிப்பு கண்ணில் பட்டது: 'வில்லைகளை ஃபேனுக்கடியில் அரைமணி காய வைத்தேன்.' செய்முறைத் தாளில் இருப்பதும் அதுதான். அவள்தான், வட்டம் விழுந்த இரண்டு முறையும், ஸ்பிரிட் காயாமல் ஈரத்தோடு வைத்திருக்கிறாள்.

சாறே இல்லாமல், வெறும் ஸ்பிரிட்டில் நனைத்த வில்லையை ஒரு தட்டிலும், தன் சாற்றில் நனைத்துக் காயவைத்த வில்லையை இன்னொன்றிலும் வைத்தாள். காலையில் திறந்து பார்த்தாள். ஸ்பிரிட் தட்டில் அதே நாணய வட்டம். பட்டைத் தட்டில் ஒன்றுமில்லை. கிருமியைக் கொன்றது பட்டையே இல்லை.

இரண்டு தட்டையும் தூக்கிக்கொண்டு நூலகத்துக்கு ஓடினாள். "அண்ணே, தப்பு என்னோடது. மன்னிச்சிருங்க."

வீரையா தட்டுகளைப் பார்த்தார். துணியை உதறி மடித்தார்.

"எங்கிட்ட மட்டும் சொன்னா எப்பிடி மேடம்? அன்னைக்கு நாலு பேரு முன்னாடி கேட்டீகல்ல?"

அதைச் சொன்னால் ஆய்வும் போச்சு. செந்தாமரை தட்டுகளை மூடி எடுத்துக்கொண்டாள்.

"வாங்கண்ணே, லேப்புக்குப் போவோம். எல்லாரும் இருக்காக."