கோட்டை வாசலில் எழுதிய முகவரி

பெண்ணை வீட்டில் காட்டாமல் கற்பிட்டிக் கோட்டையில் காட்டலாம் என்றது தாய் றைஸாவின் யோசனைதான். மாப்பிள்ளை வீட்டார் நீர்கொழும்பிலிருந்து சுற்றுலா வருகிறார்கள். தாயையும் மகளையும் கனமூலைச் சந்தியில் வேனில் ஏற்றிக்கொண்டால் போதும். வீட்டுக்கே வருகிறோம் என்றவர்களிடம், "வீட்டுல பெயின்ட் வேலை நடக்குது" என்று சொல்லியிருந்தாள்.

வீட்டில் ஒரு குறையும் இல்லை. கல்வீடு; ஓடும் போட்டாயிற்று. ஆனால் தொண்ணூறாம் ஆண்டுப் போரில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம்கள் தென்னோலைக் கிடுகுக் கொட்டில் போட்ட இடம் அது. கொட்டில்கள் போய் எத்தனையோ வருஷமாகியும் முகாம் என்ற பெயர் போகவில்லை. அந்தப் பெயரால் மகள் நிஃப்லாவுக்கு ஏற்கனவே இரண்டு சம்பந்தம் முறிந்திருந்தது. அதனால்தான் றைஸா இந்த முறை தரகரிடம், "நாங்க கனமூலை ஆக்கள்" என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

வேனில் மாப்பிள்ளையின் உம்மா பளீலா ஒரே கலகலப்பு.

"மகள், எங்கட முஆஸுக்குக் கறி இல்லாட்டியும் பரவாயில்ல, சம்பல் வேணும். இடிக்கத் தெரியுமா?"

"தெரியும் மாமி. அவருக்குத் தேங்காய் திருவத் தெரியுமா?"

வேனே சிரித்தது. முஆஸ் காது சிவந்து வெளியே பார்த்தான்.

கோட்டை வாசலில் கடற்படைச் சிப்பாய் ஒருவன் புத்தகத்தை நீட்டினான். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம். "கனமூலை எண்டு மட்டும் போடு" என்று றைஸா காதோடு சொன்னாள். நிஃப்லா குனிந்து எழுதினாள்; எழுதிக்கொண்டே இருந்தாள். வீட்டு இலக்கம், முகாமின் பெயர், எல்லாம். அடுத்துப் பேனையை வாங்கியவள் பளீலா. அவள் விரல் மேல்வரியில் நின்றுவிட்டது.

உள்ளே போனார்கள். ஒல்லாந்தர் கட்டிய தேவாலயத்துக்குக் கூரை இல்லை. சுவரிலிருந்து முருகைக்கல் உதிர்ந்து கிடந்தது. "பாத்து வாங்க மாமி, படி உடைஞ்சிருக்கு" என்று முஆஸ் றைஸாவுக்குக் கை நீட்டினான். பளீலா அவனைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் சொன்னாள்: "முகாம் எண்டதுல எங்களுக்கு ஒண்டுமில்ல. மறைச்சதுதான் மனசுக்கு ஒரு மாதிரி. நாங்க இன்னும் ரெண்டு இடம் பாக்கணும். நீங்க பஸ்ல போவீங்கதானே?"

மறைத்தது பிழைதான், றைஸாவுக்கும் அது தெரியும். மறைக்காத இரண்டு முறையும் சம்பந்தம் முறிந்ததும் தெரியும். முஆஸ் நிலத்தைப் பார்த்தபடி வேனில் ஏறினான்.

"என்னத்துக்குப் புள்ள எழுதின?"

"பொறகு தெரியவந்தா, அந்த வீட்டுல ஒவ்வொரு நாளும் நான் பேச்சு வாங்கணும் உம்மா."

வெயில் கொளுத்தியது. பஸ்ஸைக் காணவில்லை. சிப்பாய் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைத் தூக்கிவந்து மரநிழலில் போட்டான். "அம்மா, இருங்க. பஸ் லேட்" என்றான், தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில்.

பளீலாவின் முன் அழாத றைஸா, அந்தக் கதிரையில் உட்கார்ந்ததும் அழுதாள். பெயர் தெரியாத அந்தச் சிப்பாய்ப் பிள்ளைக்காக அல்லாஹ்விடம் ஒரு துஆ கேட்டாள். முகவரியை முழுசாக எழுதிவைத்த மகளுக்காகக் கேட்க அன்று அவளுக்கு வாய் வரவில்லை.